வாயில் திறந்தது, வகுப்பறையும் திறக்கட்டும்!

(இரண்டாமாண்டு இளமறிவியல் இயற்பியல் மாணவி)

பொறியியற் கல்லூரியின் வகுப்பறையைப் பற்றி, அரசு கலைக் கல்லூரியில் பயிலும் ஒருத்தி ஏன் எழுத வேண்டும்? இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் இப்படிக் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு என்னிடம் இரண்டு விடைகள் உள்ளன.

பொறியியல் மாணவனுக்கு முதலாண்டில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலமும் கற்பிப்பவர்கள் யார்? பெரும்பாலும் அவர்கள் பொறியாளர்கள் அல்லர். நம்மைப் போலவே ஒரு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, முதுகலை முடித்துச் சென்றவர்கள். இன்று நம் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் பிடித்து நிற்கும் நம்முள் சிலர், இன்னும் சில ஆண்டுகளில் ஏதோவொரு பொறியியற் கல்லூரியின் கரும்பலகை முன்னால் நிற்கப் போகிறோம். முதலாண்டு மாணவன் தேறுவதும் துவள்வதும் பெரிதும் நம்மவர் கையில் இருக்கிறது. இது முதல் விடை.

இரண்டாவது விடை இன்னும் நெருங்கியது. மேனிலை வகுப்பில் கணிதம் படித்த இளமறிவியல் பட்டதாரி, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கு நம் மாநிலத்தில் வழியுண்டு. நம் வகுப்பிலேயே அந்த எண்ணத்தோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது அண்டை வீட்டு வழக்கு அன்று. நம் வீட்டு வழக்கே.

மறைமலை நகரில் வாழும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த எண்ணம் நாள்தோறும் எழுவது இயல்பு. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரை வருபவர் கண்ணில் பொறியியற் கல்லூரிப் பேருந்துகள் வரிசை வரிசையாகத் தென்படும். சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஆலைகள். ஒருபுறம் கல்லூரிகள், மறுபுறம் தொழிற்சாலைகள். இரண்டுக்கும் நடுவே நம் வீடுகள். ஆயினும் அந்தக் கல்லூரிகளுக்குள் நுழைந்த நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதலாண்டிலேயே அரியரோடு தலைகுனிந்து வருகிறார்களே, அது ஏன்? உள்ளே நுழையும் உரிமையைத் தமிழ்நாடு படிப்படியாகப் பெற்றுத் தந்துவிட்டது. உள்ளே கற்கும் உரிமை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

திறந்த கதவுகள்

நடந்தவற்றை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை. 1794-ஆம் ஆண்டு சென்னையில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. அது ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. 1940-இல் அங்கே சேர்ந்த அ. லலிதா, மின் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்ததாம்! அந்தச் சான்றிதழை அச்சடித்தவர்கள் ஒரு பெண் வருவாள் என்று எண்ணியே பார்க்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்தில் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது படிக்கட்டாக அமைந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கோ சுவராக நின்றது. 1997-இல் ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு தொடங்கியதும், இடத்துக்காகக் கல்லூரி கல்லூரியாக அலைந்த பெற்றோருக்கு ஓரளவு விடிவு பிறந்தது. முனைவர் மு. அனந்தகிருட்டிணன் தலைமையிலான குழு 2006-இல் ஆராய்ந்து கூறிய பிறகு, 2007 முதல் நுழைவுத் தேர்வு நீங்கி, மேனிலை மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2010-இல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. 2021-இல், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றையும் அரசே ஏற்றது.

ஒவ்வொரு கதவும் போராடித் திறந்த கதவு. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆகவே இக்கதவுகளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வேண்டும் அல்லவா?

மூன்று பெயர், ஒரே பொருள்

என் பெரியம்மா மகன் ஒருவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். கணிதத்தில் கெட்டிக்காரர், எனக்கு வகையிடல் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தார். முதற் பருவத்தில் மூன்று பாடங்களில் அரியர். "புரியலைன்னா கேட்க வேண்டியதுதானே, அண்ணா?" என்று கேட்டேன். "கேள்வி எனக்குத் தமிழ்லதான் வருது பாப்பா. அதை இங்கிலீஷ்ல கோத்து முடிக்கிறதுக்குள்ள சார் அடுத்த ஸ்லைடுக்குப் போயிடறாரு" என்றார். இந்தப் பதிலை ஆயிரம் வீடுகளில் கேட்கலாம்.

ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பாருங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'திருப்பு விசை' என்று படித்தோம். விசையையும் அது செயற்படும் நேர்கோட்டுக்குச் சுழலச்சிலிருந்துள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். பொறியியல் வகுப்பில் அதே பொருள் 'டார்க்' என்ற பெயரில் வருகிறது. தமிழ்வழி மாணவன் அதைப் புதிய பொருள் என்று எண்ணி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறான். என் தந்தையார் ஒரகடத்தில் ஓர் உதிரிப்பாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர். அவர் கையில் நாள் முழுதும் இருக்கும் கருவி டார்க் ரெஞ்ச். "கிளிக் சத்தம் வந்ததும் நிறுத்திடணும். அதுக்கு மேல இழுத்தா போல்ட் போயிடும்" என்பார். பிடி நீளமானால் குறைந்த பலம் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். அது அவர் கை அறிந்த உண்மை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கல்லூரியில் ஒரு பெயர், ஆலையில் ஒரு கருவி. மூன்றும் ஒன்றே என்று சொல்வதற்கு ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காத மாணவன், தான் ஏற்கெனவே அறிந்த ஒன்றையே அறியாதவனாக உட்கார்ந்திருக்கிறான். 'நிலைமத் திருப்புத்திறன்' என்று நூற்றுக்கு நூறு வாங்கியவன் 'மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா' என்றதும் விழிக்கிறான். அவனிடம் அறிவு இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுத்தான் மாறிவிட்டது.

பொறியியல் வரைபடப் பாடத்தின் கதையும் இதுதான். கூம்பைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் கிடைக்கும், பக்கக்கோட்டுக்கு இணையாக வெட்டினால் பரவளையம் கிடைக்கும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். முப்பரிமாணப் பொருளைத் தாளில் காணப் பழகாத கண்ணுக்கு அது கோட்டுக் குவியலாகவே தெரியும். நல்ல கூரான முள்ளங்கி ஒன்றும் சமையற்கத்தி ஒன்றும் வகுப்புக்கு எடுத்து வந்தால் போதும். வெட்டிக் காட்டிய மாத்திரத்தில் வெட்டுமுகம் கண் முன்னே நிற்கும். பத்து ரூபாய்ச் செலவில் நடக்கக்கூடிய கற்பித்தல் இது.

தமிழுக்குத் தனி அறை வேண்டா

"அதற்குத்தான் தமிழ்வழிப் பொறியியல் வந்துவிட்டதே!" என்பார் சிலர். உண்மைதான். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. துணிச்சலான முயற்சி. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதத்தில், உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நிறுத்த நினைத்ததற்குக் காரணம் சேர்க்கை குறைவு. சேர்க்கை ஏன் குறைந்தது? தமிழ்வழி வகுப்பில் சேர்ந்தால் வேலைக்குத் தேர்வு செய்ய வரும் நிறுவனங்கள் ஒதுக்கிவிடுமோ என்று மாணவன் அஞ்சினான். பாடநூல்களும் போதவில்லை.

என் கருத்து இது: தமிழைத் தனி அறையில் உட்கார வைத்ததே குறை. ஓர் அறைக் கதவில் 'தமிழ்வழி' என்று பலகை மாட்டினால், மற்ற அறைகளில் தமிழுக்கு இடமில்லை என்று பொருளாகிவிடுகிறது. மற்ற அறைகளில்தான் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் மிகப் பலர் இருக்கிறார்கள்! ஆகவே ஒவ்வொரு வகுப்பறையிலும், முதலாண்டிலாவது, தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதும் முறை வேண்டும். மாணவன் தமிழில் கேட்கலாம் என்பதை ஆசிரியர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அவனுக்கு வேண்டும்; ஐயமில்லை. அது புரிந்துகொண்ட பொருளுக்கு மற்றொரு சொல்லாக வரட்டும். புரியாத பொருளுக்குப் புரியாத சொல்லாக வந்தால் இரண்டும் கைநழுவிவிடும்.

தமிழில் பொறியியல் முடியுமா என்று ஐயுறுவோர் சற்றே வரலாற்றைப் பார்க்கட்டும். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழுக்கு மாறி, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். நம் கண்ணெதிரே இருக்கும் ஆலைகளையும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்து வரும் ஹூண்டாய் கொரிய நாட்டு நிறுவனம். ஒரகடத்தில் 2010-இல் ஆலை திறந்த ரெனோ–நிசான் கூட்டில் நிசான் ஜப்பானியருடையது. 2012-இல் அங்கே சரக்குந்து செய்யத் தொடங்கிய டைம்லர் ஜெர்மானியருடையது. கொரியரும் ஜப்பானியரும் ஜெர்மானியரும் தங்கள் நாட்டில் பொறியியலை முதன்மையாக எம்மொழியில் பயில்கிறார்கள்? தத்தம் தாய்மொழியில்தான்! அவ்வாறு பயின்றவர்கள் அமைத்த ஆலையில் வேலை கேட்டு நிற்கும் நம்மவர்களுக்கு மட்டும் தாய்மொழியில் விளக்கம் கேட்பது இழுக்காகுமா?

நம் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். ஆயினும் ஆங்கிலத்தையும் வடமொழியையும் ஆழ்ந்து கற்றவர். ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். தாய்மொழியில் வேரூன்றி நின்றவருக்குப் பிறமொழி பகையாகவில்லை. அவர் பெயர் தாங்கிய ஊரைச் சுற்றியுள்ள வகுப்பறைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

தனித்துப் படிப்பவன்

மொழி ஒன்றே தடை என்று நான் சொல்ல வரவில்லை. மற்றொரு தடை தனிமை. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் ஓர் ஆய்வு செய்தார். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் மிகுதியாகத் தோற்பதைக் கண்டு, காரணம் என்னவென்று சக ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் இல்லை, பள்ளி அடிப்படை போதாது, குடும்பச் சூழல் சரியில்லை என்றெல்லாம் விடை வந்தது. அவர் அதை நம்பிவிடாமல், இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே சென்று கவனித்தார்.

கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள்; ஆனால் தனித்தனியே உழைத்தார்கள். சீன மாணவர்களோ தனியே படித்த பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, கடினமான கணக்கைச் சேர்ந்து போட்டார்கள். டிரைஸ்மன், பின்தங்கியோர்க்கான தனிவகுப்பு என்று எதையும் வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்தார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. குறை மாணவனிடத்தில் இருப்பதாக எண்ணியிருந்தவர்கள், அது அமைப்பில் இருந்ததைக் கண்டார்கள்.

இந்தக் கதை நம் கதையாகவும் தோன்றவில்லையா? தந்தையும் தமையனும் பொறியாளராக இருக்கும் வீட்டில் எந்த நூல் நல்லது, எந்தப் பாடத்தை எப்போது தொடங்க வேண்டும், விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பவை சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு இவற்றை யார் சொல்வார்? மாலையில் மற்றவர் நூலகத்தில் கூடும்போது, அவன் பகுதிநேர வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். அல்லது கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே சேர்ந்து படிப்பதை மாலை நேரத்துக்கு விட்டுவிடாமல், வகுப்பு நேரத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்.

தரம் தாழுமா?

"இப்படியெல்லாம் செய்தால் தரம் தாழ்ந்துவிடும், கெட்டிக்காரர்கள் பின்தங்குவார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதற்கு அறிவியல் மாணவர்களாகிய நாம் ஊகத்தால் விடை சொல்லாமல், சான்றால் சொல்லலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர், 1990-களின் தொடக்கத்தில் தம் சொற்பொழிவு முறையை மாற்றிக்கொண்டார். வகுப்பின் நடுவே ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும்; மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இம்முறையை உலகின் பல கல்லூரிகள் மேற்கொண்டன. 2014-இல் இத்தகைய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், வெறும் சொற்பொழிவு கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் ஏறத்தாழ 22 பேரும் தோற்றதாகக் கண்டார்கள். 2020-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. செயற்பட்டுக் கற்கும் முறையால், வறிய குடும்பத்து மாணவர்க்கும் புறக்கணிக்கப்பட்ட பிரிவினர்க்கும் மற்றவர்க்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடு குறைந்தது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர் செயலுக்கு ஒதுக்கிய இடங்களில்தான் இப்பயன் விளைந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பெயருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பயனில்லை.

கெட்டிக்காரனும் இதில் எதையும் இழப்பதில்லை. பிறருக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போதுதான் தமக்கே அது நன்றாக விளங்கியதென்று. ஆகவே நீதியையும் தரத்தையும் தராசின் இரு தட்டுகளாக வைத்து, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்று எண்ணுவது தவறு.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லலாமா?

இதைப் படிக்கும் நம் பேராசிரியப் பெருமக்கள், "அறுபது பேர் உள்ள வகுப்பில், முடிக்க வேண்டிய பாடத்திட்டம் மலைபோல் நிற்கையில் இதெல்லாம் நடக்குமா?" என்று எண்ணக்கூடும். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. பொறியியற் கல்லூரிகளில் 15 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று இருந்த விதியை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் 20 மாணவர்க்கு ஒருவர் எனத் தளர்த்தியது. 2024 சூலையில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல பொறியியற் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை அறப்போர் இயக்கம் வெளிப்படுத்தியது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஏட்டில் இருக்கும் ஆசிரியர் எந்த மாணவனின் கேள்விக்கு விடை சொல்வார்? அவருக்கும் சேர்த்து உழைக்கும் மற்றோர் ஆசிரியரின் முதுகில்தான் அச்சுமை ஏறுகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் வகுப்புக் குழந்தைக்கு 'அ'னா கற்பிக்க ஆசிரியப் பயிற்சி வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கக் கல்வியியல் பட்டம் வேண்டும். கல்லூரியில் கற்பிக்கவோ, பாட அறிவு இருந்தால் போதும்! எப்படிக் கற்பிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே அவர்களும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்றே சென்னைத் தரமணியில் 1964 முதல் ஒரு தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. அதன் வாயிலுக்கு ஒவ்வொரு முதலாண்டு ஆசிரியரும் ஒருமுறையேனும் ஊதியத்தோடு சென்று வர வழி செய்தால் என்ன? நம் முதுகலை வகுப்புகளிலேயே, கற்பிக்கும் கலையை ஒரு தாளாக வைத்தால் என்ன?

ஆலை அருகில், கல்வி தொலைவில்

நம் வட்டாரத்துக்கு மட்டும் வாய்த்த ஒரு வாய்ப்பை நாம் வீணாக்கி வருகிறோம். ஆலைகளின் நிழலிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் பல மாணவர்கள் இயங்கும் உற்பத்தி வரிசையைப் பார்ப்பது, நான்காண்டில் ஒருநாள் 'தொழிற்சாலைப் பார்வை' என்ற பெயரில் வரிசையாக நடந்து செல்லும்போதுதான்.

கோவை இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அதிகம் பள்ளிப்படிப்பில்லாத ஜி. டி. நாயுடு, கையால் செய்து கற்பதன் வலிமையை வாழ்ந்து காட்டி, 1945-இல் அங்கே தொழிற்கல்வி நிறுவனம் தோன்றக் காரணமாயிருந்தார். பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியில், வகுப்பறையும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பட்டப்படிப்பு நடந்து வருகிறது. கோவையில் முடிந்தது ஒரகடத்தில் ஏன் முடியாது?

ஆலைக்கு ஏற்ற கைகளை மட்டும் ஆக்கித் தருவதே கல்வி என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மறைமலை நகரில் 1999-இல் முதல் ஐகான் காரை வெளியிட்ட ஃபோர்டு ஆலை, 2022 சூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு எங்கள் தெருக்களுக்குத் தெரியும். 2025 அக்டோபரில், மீண்டும் இங்கே இயந்திரம் தயாரிக்க அந்நிறுவனம் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆலைகள் வரும், போகும், மீண்டும் வரும். ஒரு பொறியின் அடிப்படையைப் புரிந்து கற்றவன் அடுத்த பொறியையும் கற்றுக்கொள்வான். முக்கிய வினாக்களை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவன், ஆலை மூடிய அன்றே திகைத்து நிற்பான். நன்றாகக் கற்பிப்பது வெறும் மதிப்பெண் பற்றிய செய்தி அன்று. நம் போன்றோர் வீட்டுச் சோற்றைப் பற்றிய செய்தி.

செய்யக்கூடியவை

பெருந்திட்டங்களை அரசு பார்த்துக்கொள்ளட்டும். செலவு அதிகமில்லாமல் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய சிலவற்றை மட்டும் முன்வைக்கிறேன்.

ஒன்று: முதற் பருவத்தின் ஒவ்வொரு பாடத்துக்கும், பள்ளி நூலின் தமிழ்ச் சொல்லும் கல்லூரி நூலின் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே உள்ள நான்கு பக்கச் சொற்பட்டியல் ஒன்றை அச்சிட்டு முதல் நாளே தர வேண்டும்.

இரண்டு: முதலாண்டுத் தேர்வில் தமிழிலோ ஆங்கிலத்திலோ விடையெழுத ஒவ்வொரு மாணவனுக்கும் உரிமை வேண்டும்.

மூன்று: கால அட்டவணைக்குள்ளேயே, வாரம் இரண்டு மணி நேரம், ஐந்தைந்து பேராகச் சேர்ந்து கணக்குப் போடும் வகுப்பு வேண்டும். பல்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் ஒரே குழுவில் கலந்திருக்க வேண்டும்.

நான்கு: தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும்போது, தமிழ்வழியில் வந்தவர்களும் முதல் பட்டதாரிகளும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களும் முதலாண்டில் எப்படித் தேறினார்கள் என்பதையும் கல்லூரிவாரியாகச் சொல்ல வேண்டும். மாணவர் பெயர் வேண்டா, எண்ணிக்கை போதும். எங்கே கதவு திறந்து வகுப்பறை மூடியிருக்கிறது என்பது அப்போது ஊருக்குத் தெரிந்துவிடும்.

இவற்றுள் மூன்றாவதைச் செய்ய நாம் எவர் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியிலேயே முதலாண்டு இயற்பியல் மாணவர்கள் பலர், முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் வாடிய முகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு முதலாண்டு மாணவர் நால்வர் என்று பிரித்துக்கொண்டு, வியாழக்கிழமை பிற்பகல் நூலக நேரத்தில் உட்கார்ந்தால், அதற்குப் பணமும் வேண்டா, சுற்றறிக்கையும் வேண்டா. துறைத் தலைவர் அவர்கள் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் போதும். நாளை நம்முள் சிலர் பொறியியற் கல்லூரிக் கரும்பலகை முன் நிற்கும்போது, எப்படிக் கற்பிப்பது என்ற பயிற்சி இங்கேயே கிடைத்துவிட்டிருக்கும்.

அப்போது முன்வரிசைக்குப் பின்னால், தமிழில் பிறந்த கேள்வியை ஆங்கிலத்தில் கோக்கத் திணறிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஒருத்தியும் உட்கார்ந்திருப்பாள். அவர்களைப் பார்த்து, "தமிழ்லயே கேளுங்க, தம்பி" என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். அதைச் சொல்லும் ஆசிரியர்களாக நம்மவர் வரவேண்டும் என்பதே என் விருப்பம்.